ஒடித்த ஹொலுண்டர் பூ

சுவிஸில் சோலோதுர்னுக்குப் போகிற வழியில், ஒரு சின்ன ஸ்டேஷனில் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கிறேன். ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை. வேலியோரத்துச் சிறுமரம் நிறையக் குடை விரித்தாற்போல வெள்ளைப் பூக்கள். நான் போகிற இடத்தில் சிநேகிதன் சாமிப்படத்துக்குக் காகிதப் பூதான் வைத்திருக்கிறான். அதனால் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மணந்தும் பார்க்காமல், கைக்கு எட்டின கொத்தையெல்லாம் ஒடித்துப் பையை நிரப்புகிறேன்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயதான சுவிஸ் மனிசி வருகிறா. என் வெறுங்காலைப் பார்க்கிறா, பிறகு பையைப் பார்க்கிறா. கத்தவில்லை. எனக்கு விளங்கட்டும் என்று ஆறுதலாகச் சொல்கிறா. இது ஹொலுண்டராம். பூவை ஒடித்தால் பழம் வராதாம். கறுத்த பழத்தைக் காய்ச்சித்தான் மாரிக் குளிரில் இருமலுக்குக் குடிக்கிறாவாம். ஏணி ஏற ஏலாதபடியால் கீழ்க்கொத்துகளை அதற்கென்றே விட்டிருந்தாவாம்.

“சாமிக்கெண்டு பிடுங்கினனான்” என்று தெரிந்த ஜெர்மனில் சொல்லிப் பையை நீட்டுகிறேன்.

“இனி அதைத் திருப்பி ஒட்டேலாது. சாமிக்கே கொண்டு போம்.”

“மேலை இருக்கிறது பழுக்கட்டும். நான் வந்து ஏறிப் பிடுங்கித் தாறன்.”

“செப்டெம்பரிலைதான் பழுக்கும். அப்ப இஞ்சை இருப்பீரோ?”

“ஓம்” என்கிறேன்.

எந்தக் கொப்பில் பழம் திறமாக வரும் என்று அவ கையை உயர்த்திக் காட்டுகிறா. நானும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டுகிறேன். இந்த நாட்டில் இருக்கிறதுக்கான என் பெர்மிட் ஆகஸ்டோடு முடிகிறது.