அண்ணன் காதில் விழுந்த பதில்

வயிற்றில் வலி வந்தபோது அதை மாத்திரையின் வேலை என்றே நினைத்தேன். எச்.ஐ.வி.க்காகப் பல வருடங்களாகத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவன் நான். உடம்புக்கு எது வந்தாலும் மனசு முதலில் அங்கேதான் போகும். அம்மாவும் அப்பாவும் இறந்த பிறகு, பாலிக் புலா என்ற சிற்றூரில் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் நோயைப் பற்றி எதுவும் தெரியாது.

வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் தொட்டு வைத்தியம் பார்க்க மாட்டார்களோ என்று பயம். வாயு மருந்தைக் குடித்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனேன். மறுநாள் காலை குளியலறைச் சுவரைப் பிடித்தபடி நிமிர முடியாமல் நின்றதை அண்ணன் பார்த்துவிட்டார். பாதி தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைத்தார். மலைப்பாதை வளைவுகளில் எல்லாம் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டேதான் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வெடித்திருந்தது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொன்ன டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். வழக்கமாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அண்ணனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் கை அவர் கைக்குள் இருந்தது. விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு டாக்டர். மருந்து விடாம சாப்பிடுறேன்."

அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். உதறவில்லை, மெல்லத்தான் எடுத்தார்.

டாக்டர் முகத்தில் மாற்றமே இல்லை. கடைசி ரத்தப் பரிசோதனையைப் பற்றி விசாரித்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது, எதிர்ப்புச் சக்தியும் நன்றாக இருக்கிறது, மற்றவர்களுக்குச் செய்வது போலத்தான் உங்களுக்கும் என்றார். பிறகு, "ஏன் நேத்தே வரல?" என்று கேட்டார். சீழ் பரவியதற்கு நோய் காரணமில்லை, நான் பயந்து வீணாக்கிய நேரம்தான் காரணம்.

கண் விழித்தபோது வயிற்றிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. அண்ணன் இல்லை. காய்ச்சல் விட்ட பிறகு அண்ணி ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கெங்கே வலிக்கிறது என்று அன்பாகத்தான் கேட்டார். கிளம்பும்போது, ஃபிளாஸ்கைத் திருப்பித் தர வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி என்றார்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அண்ணன் வந்தார். பின்சீட்டில் பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டிருந்தார். உட்கார்ந்ததும் அது சலசலத்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, இப்படியெல்லாம் ஒட்டாது, டாக்டரிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றேன்.

"கேட்டுட்டேன். ஒட்டாதுன்னுதான் சொன்னாங்க," என்றார். "புத்திக்குத் தெரியுது லா. வீட்டுல சின்னப் புள்ள இருக்கு. என்னால முடியலடா."

அழுதுகொண்டே ஓட்டினார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்தது அம்மாவை அடக்கம் செய்த அன்றுதான். ஆயர் ஈத்தாமில் என்னோடு வேலை செய்யும் நண்பனின் அடுக்குமாடி வீடு இருக்கிறது, என்னை அங்கே விட்டுவிடுங்கள் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லுவார் என எதிர்பார்த்தேன். சரி என்றார். பையை மாடி வரை தூக்கி வந்து வாசலில் வைத்துவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

காயம் நன்றாக ஆறிவிட்டது. நண்பனோடுதான் இன்னும் இருக்கிறேன். என் நோய் தெரிந்தும், ஒரே தட்டிலிருந்து என்னோடு மீகோரெங் நூடுல்ஸ் எடுத்துச் சாப்பிடுகிறான். முதல் தடவை அவன் அப்படிச் செய்தபோது, எழுந்து முகம் கழுவப் போனேன்.

அண்ணன் அவ்வப்போது போன் பண்ணுவார். பசியாறிட்டியா என்பார். பசியாறிட்டேண்ணே என்பேன். அதோடு போனை வைத்துவிடுவார். போன கிறிஸ்துமஸுக்கு அவர் வா என்று கூப்பிடவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.