நடுக்கடலில் நான் பார்த்த நீர்மூழ்கிகள்

யுத்த காலத்தில், ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் நடுக்கடலில் நீர்மூழ்கிகளை ஒட்டி நிறுத்திச் சாமான் மாற்றிக்கொள்வதாகக் காசிமேட்டில் பேச்சு. என் வலையை அறுத்த ஏகாம்பரத்தைப் பழிவாங்க அது போதாதா? போலீசிடம் ஓடினேன்.

"ஏகாம்பரம்தான் அவங்களுக்கு மீனு குட்த்துகினு கீறான். என் கண்ணால பாத்தேன் சார்!"

"அவ்ளோ தூரம் கட்டுமரம் போகக் கூடாதுன்னு உத்தரவு. நீ எப்படிய்யா பாத்தே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்கும் ஏகாம்பரத்துக்கும் ஒரே லாக்கப். ஏகாம்பரம் தன் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினான்.

"துன்னு மாமு. நம்மள போட்டுக்குட்த்தவன் மட்டும் கெடைக்கட்டும், ரெண்டு பேரும் சேந்து பின்னிடலாம்."

"வுடக் கூடாது மாமு," என்றேன், வாய் நிறையச் சோற்றோடு.

மறுநாள் விட்டுவிட்டார்கள். இன்றுவரை அவனோடு சேர்ந்து அந்தத் துரோகியைத் தேடுகிறேன். சிக்கினால் முதல் அடி என்னுடையதுதான்.