சீஸ் கொத்து யார் வீட்டுக்கு?

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு கடையில் ஒரு சீஸ் கொத்துரொட்டி ஓடர் செய்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

புத்தளம் டவுனுக்கு மருமகளாக வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மாமி தங்கமான மனுஷி. அவருடைய மீன் ஆணம், அதாவது மீன் குழம்பு, சாப்பிட்டால் கை மணக்கும்.

ஆனால் கற்பிட்டியிலிருந்து மாமா தினமும் மீன் கொண்டுவருகிறார். தினமும் மீன் ஆணம். (பொரியலும் மீன். சம்பலிலும் மாசிக் கருவாடு.)

கடைச் சாப்பாடு எடுத்தது தெரிந்தால் மாமியின் மனது நொந்துவிடும். "என்ட கைச்சோறு புடிக்கல்லயா மகள்?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே நான் செத்தேன்.

அதனால் ரகசியத் திட்டம். மாமி உள்ளறையில். கணவர் வேலையில். கேட்டடியில் பார்சலை வாங்கி, மொட்டை மாடியில் வைத்துத் தின்று முடித்துவிட வேண்டும்.

கொழும்பு பிளாட்டில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அங்கே எதிர்க்கதவுக்காரர் யார் என்றே எங்களுக்குத் தெரியாது.

போன் அடித்தது. டெலிவரிக்காரர்.

"தங்கச்சி, ஒழுங்கைக்கு வந்திட்டன். யார்ட வீடு?"

"லொகேஷன் அனுப்பினன்தானே நானா." (எங்களுக்கு அண்ணன் என்றால் நானா, அக்கா என்றால் ராத்தா.)

"லொகேஷன் இரிக்கி. யார்ட வீடெண்டு சொல்லுங்களே."

மாமாவின் பெயரைச் சொன்னால் கதை முடிந்தது. "பச்ச கேட்" என்று கிசுகிசுத்தேன்.

"இங்க எல்லாம் பச்ச கேட்தானே." (உண்மைதான். எல்லாருக்கும் ஒரே பெயின்ட்காரர்.) "இரிங்க, கடைக்கார நானாக்கிட்ட குடுக்கிறன்."

ஒழுங்கைச் சந்தின் முனையிலிருக்கும் முடக்குக் கடைக்காரர் போனை வாங்கி நிதானமாகக் கேட்டார். "யார்ட மகள் நீங்க?"

பயத்தில் போனை வைத்துவிட்டேன். அவர்கள் திரும்ப அழைத்தபோதும் எடுக்கவில்லை.

டெலிவரிக்காரர் என்ன செய்வார், பாவம்? பார்சலைக் கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் ஒழுங்கையின் வட்ஸ்அப் குரூப்பில் வொய்ஸ் போட்டார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மாமி வொய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் லவுட்ஸ்பீக்கரில்தான் கேட்பார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு சீஸ் கொத்து வந்து நிக்கிது. ஒரு புள்ள கதச்சிச்சி, யார்ட மகளெண்டு கேட்டதும் வெச்சிட்டு. ஆறப் போகுது, கெதியா சொல்லுங்க."

உள்ளறையிலிருந்து ஒவ்வொரு பதிலாகக் கேட்டது.

"எங்கட வீட்டுல இண்டைக்கி இடியப்பம்." (உங்களை யார் கேட்டது?)

"புள்ளட பேச்சு எந்த ஊரு?"

"கொழும்புப் பேச்சு மாதிரி."

இந்த ஒழுங்கையில் கொழும்பு மருமகள் நான் ஒருத்திதான்!

கட்டிலுக்கடியில் ஒளியலாம் என்று குனிந்தேன். அங்கே அரிசி மூட்டை.

அப்போது மாமியே ஒரு வொய்ஸ் போட்டார். "அது எனக்குத்தான். தின்ன ஆசையா இரிந்திச்சி. அனுப்பி வைங்க."

பார்சல் வந்தது. மாமி இரண்டு பீங்கான் தட்டுகளை மேசையில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமி, உங்கட ஆணம் நல்லம்தான்..."

"தெரியும். தின்னுங்க. எனக்கும் அந்த மீனக் கண்டா அலுப்புத்தான். உங்கட மாமா கொண்டு வாறாரு, நான் என்ன செய்ற?"

இத்தோடு எல்லாம் சுபம் என்று நினைத்தேன்.

இன்று பகல் பக்கத்து வீட்டு ராத்தா ஒரு தட்டு நிறைய பிரியாணியோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருமகள் சமைக்கிறல்லயா? கடச் சாப்பாடு தின்னுற அளவுக்கு வந்திட்டா? பசிச்சா எங்களுக்கு சொல்றதுதானே."

அவர் போன கையோடு எதிர்வீட்டிலிருந்து கோழிப் பொரியல் வந்தது. மாமியைப் பட்டினி போடும் மருமகள் என்று ஒழுங்கை முழுக்க என் பெயர் நாறிவிட்டது.

"மாமி, நான்தான் ஓடர் பண்ணின எண்டு அவங்களுக்கு உண்மைய சொல்லுங்களே" என்று கெஞ்சினேன்.

மாமி கோழிக்காலைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"சொல்லுவம் மகள். வெள்ளிக்கிழம கழியட்டும். கடைசி வீட்டுக்காரி எனக்கு வட்டிலப்பம் செய்றாவாம்."