தேங்காய் எண்ணெய் குடித்த பிரடை

மரப் பிரடை வைச்ச கிற்றாருக்குத் தந்தி போடுற வேலைக்கு ஆரும் ஆசைப்பட்டு வாறேல்லை, வந்து மாட்டுப்படுறதுதான். இதே தொழிலில கிடந்து மாயிறவையள் இப்பவே ஒரு பெருமூச்சு விட்டிருப்பியள்.

நான் மாட்டுப்பட்டது

ஸ்காபரோவில வாத்தியம் திருத்திற கடையில வேலை செய்யிறன். வயலினும் வீணையும்தான் என்ர பாடு. சாதாரணக் கிற்றாருக்கு இரும்புப் பற்சக்கரம் இருக்கு, முறுக்கி விட்டால் அதுபாட்டுக்கு நிக்கும். ஸ்பெயின்காரற்ற பிளமெங்கோ கிற்றார் சிலதில பழைய முறைப்படி மரப் பிரடைதான், வீணையில தந்தியை முறுக்கிற அதே முளை. ஓட்டைக்குள்ள மரத்தை மரம் இறுக்கிப் பிடிச்சால் தந்தி நிக்கும், பிடிக்காட்டில் இறங்கும்.

முதல் கிற்றார் வந்த அண்டு முதலாளி பிரையன் அதைத் தூக்கி என்ர மேசையில வைச்சிட்டார். எனக்குக் கிற்றார் தெரியாது எண்டு சொல்லிப் பாத்தன். மனுசன் சிரிக்கக்கூட இல்லை.

"வீணைக்குப் போடுற ஆள்தானே, நீங்களே பாருங்கோ. முந்தி நான் அமத்தின அமத்தலில ஒண்டின்ர தலை வெடிச்சே போச்சு."

வெள்ளிக்கிழமை வந்த கிற்றார்

அதின்ர சொந்தக்காரர் ரூபன், பக்கத்து மல்வேர்னில இருக்கிறவர். பகலில பஸ் ஓட்டுறார், பின்னேரங்களில ஒரு பிளமெங்கோ நடனக் குழுவுக்கு வாசிக்கிறார். போன மாதம் மேடையில ஆட்டக்காரி காலைத் தட்டித் தட்டி உச்சத்துக்குப் போற நேரம் இவற்ற தந்தி சறுக்கி இறங்கிப் போச்சுதாம். அவ ஆட்டத்தை விட்டிட்டு அப்பிடியே நிண்டிட்டா. இன்னொருக்கா நடந்தால் வேற ஆளைப் பாக்கிறன் எண்டு குழுத் தலைவி சொல்லிப்போட்டா.

அடுத்த நிகழ்ச்சி சனிக்கிழமை பின்னேரம், கிற்றார் என்னட்டை வந்தது வெள்ளிக்கிழமை காலமை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. புது நைலோன் தந்தி போட்டால் நாள்கணக்கா இழுபட்டுக்கொண்டே இருக்கும், இதை ஒரு கிழமைக்கு முன்னம் கொண்டுவந்தால் என்ன? இரும்புப் பற்சக்கரம் போடுவமோ எண்டு கேட்டன். மனுசன் கிற்றாரைத் தன்ர பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அக்கா, உதை மாத்தினால் சத்தமும் மாறிடும். ப்ளீஸ், இருக்கிற மாதிரியே செய்து தாங்கோ."

தாயின்ர கைவேலை

மாரியில ஹீட்டர் போட்ட வீட்டில பிரடை காய்ஞ்சு சுருங்கிறது வழமை. சோக்குக்கட்டி பூசி, உள்ளுக்கு அமத்திக்கொண்டு முறுக்கினால் பிடிக்கும். பூசினன், அமத்தினன், சறுக்கிச்சுது. திரும்பவும் பூசினன், திரும்பவும் சறுக்கிச்சுது. எனக்கு விசர் வந்து, பிரடையைக் கழட்டி மூக்கடியில பிடிச்சுப் பாத்தன். கடவுளே, தேங்காய் எண்ணெய்!

ரூபன்ர வீட்டுக்குப் போன் அடிச்சன். அவர் வேலைக்குப் போயிட்டார், தாய்தான் எடுத்தா. முறுக்கேக்க பிரடை கிறீச் எண்டு கத்திச்சுதாம், கதவுப் பிணைச்சலுக்கு விடுற மாதிரித் தான்தான் ஆறுக்கும் சொட்டுச் சொட்டா விட்டவவாம். எண்ணெய் பட்டால் மரம் பிடிக்காது, தந்தி இறங்கும் எண்டு சொன்னன்.

"அப்ப பிள்ளை, போன மாதம் அவன் தலை குனிஞ்சு வந்தது என்னாலயோ?"

'டிக்'

எனக்கு அவவை ஏச மனம் வரேல்லை. ஆறு பிரடையையும் ஆறு ஓட்டையையும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சன், காய விட்டன், திரும்பத் துடைச்சன். பிறகு சோக்கு. இறுக்கி அமத்தினால் கிற்றாரின்ர தலை வெடிக்கும், அமத்தாட்டில் ரூபனுக்கு மேடையில்லை. பெருவிரல் வீங்கிச்சுது. கடைசிப் பிரடையில 'டிக்' எண்டொரு சத்தம் கேக்க எனக்கு உயிரே போச்சு. லைட்டைப் பிடிச்சுத் தேடினன். வெடிப்பில்லை, தந்திதான் தன்ர தவாளிப்புப் பள்ளத்துக்குள்ள போய் இருந்திருக்கு. பிரையன் கதவடியில நிண்டு பாத்துக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்கிறீங்களோ?"

சனிக்கிழமை

நிகழ்ச்சிக்கு நானும் போனன், ரூபன்ர தாய் என்னைத் தனக்குப் பக்கத்தில வந்து இருக்கச் சொன்னா. ஆட்டம் முடியுமட்டும் என்ர கையைப் பிடிச்ச பிடி விடேல்லை. நடுவில ஒரு தந்தி கொஞ்சம் இறங்கிச்சுது. பாட்டுக்காரி மூச்சு எடுக்கிற இடைவெளியில ரூபன் பிரடையை உள்ளங்கையால அமத்தி ஏத்தினார். நிண்டுது! ஆட்டக்காரியின்ர கால் ஒரு தட்டும் பிழைக்கேல்லை. முடிஞ்ச பிறகு குழுத் தலைவி ரூபனிட்டை வந்து, அடுத்த நிகழ்ச்சிக்கும் நீதான் எண்டு சொல்லிப்போட்டுப் போனா.

தாய்க்கு அதுக்கு மேல தாங்கேலாமல் போச்சு. அழுதுகொண்டே எண்ணெய்க் கதையை மகனுக்குச் சொன்னா. அவர் தாயின்ர தோளில கையைப் போட்டார்.

"போன மாதம் மேடையிலயே எண்ணெய் மணந்தது அம்மா. துடைச்சால் போயிடும் எண்டு நினைச்சன், உங்களிட்டைச் சொல்ல மனம் வரேல்லை."

தாய்க்கு நோகக்கூடாது எண்டு மகன் பொத்தி வைச்சிருந்த விசயத்துக்கு, வெள்ளிக்கிழமை முழுக்க நொந்தது என்ர பெருவிரல்.