நீல ரிப்பன் முடிச்சு

எங்கள் கோவிலில் கல்யாணமாகாத பெண்களுக்கென்று ஒரு சபை இருந்தது. சபைப் பெண்ணுக்கு அடையாளம் கழுத்தில் ஒரு நீல ரிப்பன், அதில் தொங்கும் மாதா பதக்கம். பூசைக்கு முன் ரிப்பனைப் பிடரியில் முடிச்சுப் போட வேண்டும். தானே போட்டுக்கொண்டால் கோணிக்கொள்ளும் என்பதால் ஒருத்திக்கு இன்னொருத்தி கட்டிவிடுவாள். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அறிவிப்பு ஓலையைச் சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து முடித்துவிட்டால், அவள் மாதா பீடத்துக்கு முன்னால் போய் ரிப்பனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இத்தனை நாள் கட்டிவிட்ட தோழிதான் அன்றைக்கு அவிழ்த்தும் விடுவாள்.

பதினாறு வயதில் ஏறிய ரிப்பன் முப்பத்தாறிலும் என் கழுத்தில் இருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம். துரைமார்கூடக் கப்பலேறிப் போய்விட்டார்கள், நான்தான் இருந்த இடத்திலேயே இருந்தேன். மாதா திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் அந்தச் சின்னப் பெண்களுக்குப் பின்னால் நான் நடந்தால் கோழிக்குஞ்சுகளுக்குப் பின்னால் ஒட்டகம் போகிற மாதிரி இருக்கும். நல்லவேளை, ஒட்டகங்கள் இரண்டு. மற்றது என் சிநேகிதி. நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்திலேயே அவள் தையல் டீச்சர், என் வயதுக்காரி. இருபது வருஷமாக அவள் முடிச்சு நான் போட்டது, என் முடிச்சு அவள் போட்டது.

எங்கள் கோவில் பங்கில் எனக்கு ஆறுதல் சொல்லாத சம்சாரி கிடையாது. "ஒண்டியா இருக்கறதும் ஆண்டவர் குடுத்த வரம்தாம்மா" என்பாள் ஒருத்தி. குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தெருவில் வீசுகிற புருஷன் அவளுடையவன். அந்த வரத்தின் அருமை அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? இதை அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் அழுதுகொண்டே போய்ச் சாமியாரிடம் சொன்னாள்.

பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் சாமியார் எனக்குச் சாந்தகுணம் வளர்த்துக்கொள்ளச் சொல்லி, பத்து மந்திரம் அபராதம் கொடுப்பார். பத்தையும் சொல்லி முடித்து வாசல் தாண்டுவதற்குள் யாரையாவது கடித்துவைத்திருப்பேன். அப்படிப்பட்ட என்னைத்தான் அவர் சபைக் கூட்டத்தில் தனிவாழ்வின் மனநிறைவு பற்றிப் பேச அழைத்தார். கூச்சமில்லாமல் பேசினேன். ஆண்டவர் ஒருவரே போதும், ஆள் துணை தேடுவதெல்லாம் பலவீனம் என்று முழங்கினேன். பேச்சு முடிந்ததும் வழக்கம்போலப் பக்கத்தில் இருந்த என் சிநேகிதியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து பதக்கத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் சொன்னாள், அவளுக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளை சைகோனிலிருந்து திரும்பிய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். முதல் சம்சாரம் செத்துப்போயிருந்தாள்.

"பென்சன் வருதுன்னு கழுத்த நீட்டறியா?" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "காசுக்கு இல்லடி. சாயங்காலம் வூட்டுக்குப் போனா யாராச்சும் வௌக்கு ஏத்தி வெச்சிருக்கணும்னு தோணுது. இருட்டுல நானே கதவத் தொறந்து நானே ஏத்தறது சலிச்சுப்போச்சு."

"வௌக்கேத்தறதுக்கு ஒரு வேலைக்காரிய வெச்சுக்கறதுதானே? எதுக்கு ஒரு கெழவன்?"

மனநிறைவைப் பற்றிப் பிரசங்கம் செய்த வாயால் அரை மணி நேரத்துக்குள் சொன்னது இது.

கடைசி ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு முன்னால் அவள் வழக்கம்போல என் முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். நானும் கட்டினேன். என் கோபம் முழுவதையும் விரல்களில் வைத்து இறுக்கினேன், முடிச்சுக்கு மேல் முடிச்சு. அவளுக்கு வலித்திருக்கும், அசையாமல் நின்றாள். பூசை முடிந்து அவள் மாதா பீடத்துக்கு முன் போய் முழங்காலிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு பக்தியில் மூழ்கிவிட்டேன். அவ்வளவு கேடுகெட்ட பக்தி அந்தக் கோவிலில் வேறு யாருக்கும் வந்திருக்காது. கடைசியில் அந்தத் தட்டு வீசுகிறவன் பெண்டாட்டிதான் எழுந்து போனாள். முடிச்சு அவிழவில்லை. கன்னியாஸ்திரி ஒருவர் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். ரிப்பன் அறுபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த வாரமே நடந்த கல்யாணத்துக்கு நான் போகவில்லை, தலைவலி என்று சொல்லியனுப்பினேன். வீட்டுக்குள் உட்கார்ந்து ஆண்டவர் ஒருவரே போதும் என்று சொல்லிப்பார்த்தேன். அன்றைக்கு அது வெறும் வாய்ப்பாடாக இருந்தது. இருபது வருஷம் நான் மனநிறைவு என்று பீற்றிக்கொண்டதில் பாதிக்கு மேல் அவள் பக்கத்தில் இருந்ததுதான். சம்சாரிகளைப் பார்த்துச் சிரித்த எனக்கும் துணை இருந்திருக்கிறது, அதற்குத் தாலி கட்டாததால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முடிச்சுப் போட ஆளில்லை. சின்னப் பெண்களிடம் கேட்க வெட்கம். ரிப்பனின் இரண்டு முனைகளையும் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, கன்னிப்பெண்களின் கடைசி வரிசையில் போய் நின்றேன். எங்களுக்கு அடுத்து சம்சாரிகளின் வரிசை. அதன் முதலில் நிற்பது புதுப் பெண்கள்.

பூசை மணி அடித்தது. பின்னாலிருந்து யாரோ இரண்டு முனைகளையும் எடுத்தார்கள். திரும்பிப் பார்க்காமலே அவை யார் விரல்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். முடிச்சைப் போட்டுவிட்டு என் காதோரம் சொன்னாள்:

"இழுத்தா அவுந்துடும். நான் உன்ன மாதிரி கட்டல."

பூசை முடிகிறவரைக்கும், அந்த முடிச்சு அவிழ்ந்துவிடக் கூடாதென்று, நான் தலையைக்கூடத் திருப்பவில்லை.