பின்வாசலில் மாட்டிய கேமரா

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில் போர்டிக்சனுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டின் ஓரத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு டவுனில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு அடுத்தாற்போல் கிடைத்த சின்ன நிலத்தில் சொந்தமாக வீடு கட்டியிருந்தோம். எங்களுக்கும் லயத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு செம்பருத்தி வேலிதான்.

எஸ்டேட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். முன்வாசல் என்பது ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கும், கல்யாணப் பத்திரிகை கொண்டு வருகிறவர்களுக்கும்தான். வேண்டியவர்கள் எல்லாரும் பின்வாசல் வழியாக நேராக அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். கூப்பிடுவதும் கிடையாது, கதவைத் தட்டுவதும் கிடையாது. தட்டினால்தான் என்னவோ ஏதோ என்று பயப்படுவோம்.

அப்படித்தான் லயத்தின் முதல் வீட்டு அக்காவும் வருவார். பால்மரம் சீவுகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், புருஷன் இல்லை. இருட்டோடு வேலைக்குப் போய், பாலை நிறுத்துப் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்குத் திரும்புவார். வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, என் மனைவி கொடுக்கும் ஐஸ் தண்ணீரைக் குடித்தால்தான் அவருக்குக் களைப்புத் தீரும். என் மனைவிக்குச் சர்க்கரை நோய். "மாத்திர போட்டியா தங்கச்சி? சாப்புட்டியா?" என்று விசாரிக்காமல் ஒரு நாளும் போகமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெடாஸில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோம். பின்கதவு பிளந்து கிடந்தது. கழுத்தில் போட்டது போக மிச்சமிருந்த நகையும், ரேடியோவும் போயிருந்தன. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. திருடன் கடைசிவரை அகப்படவில்லை. நகை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கூரைத் தகரம் காற்றில் ஆடினாலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் பயம் வந்துவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சிரம்பானில் ஒரு சீனர் கடையில் வீட்டுக்கு மாட்டும் கேமரா விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்தக் காலத்தில் பேங்கிலும் நகைக்கடையிலும் பார்த்ததோடு சரி. கறுப்பு வெள்ளைப் படம், மூலையில் மணி ஓடும், சத்தம் கேட்காது. ஒரே டேப்பில் ஒரு நாள் முழுக்கப் பதியும் பெட்டி கூடவே வரும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மாட்டச் சொன்னார் கடை முதலாளியான தவுக்கே. எனக்கு ஒன்றுதான் கட்டுப்படியானது. திருடன் எந்த வழியாக வந்தான் என்று கேட்டார். பின்னால் என்றேன். அப்படியானால் அங்கேதான் மாட்டவேண்டும் என்றார். அந்த வழியாக வேறு யார் யார் வருவார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்த நானும் யோசிக்கவில்லை.

கடை ஆள் வந்து குளியலறைக் கூரையின் மூலையில் மாட்டினான். வேலி, துணிக்கொடி, அடுப்படிப் படி மூன்றும் ஒரே படத்தில் தெரிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. லயத்து ஆட்களை எல்லாம் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். "கண் கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம் லா இது" என்று ஒருவர் கிண்டல் செய்தார். அக்காவும் வந்திருந்தார். "தம்பி, நானும் படத்துல வருவேனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் பெருமையில் சொன்னேன்: "யாரு வந்தாலும் வரும்க்கா. இனிமே இந்த வூட்டுல எவன் கைய வச்சாலும் மாட்டிக்குவான்."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிட்டது. நான் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் முதல் அக்கா வரவில்லை. மற்றவர்களும் குறைந்துபோனார்கள். கறிவேப்பிலை வேண்டுமென்றால் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். "அந்தக் கண்ண முன்னுக்குத் திருப்பி வைங்க, யாரும் வர மாட்டேங்கறாங்க" என்றாள் மனைவி. "திருடன் வராம இருக்கான்ல, அது போதும்" என்று கத்திவிட்டேன். எனக்கு முன்கோபம் அதிகம். அவளும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். அன்றைக்கு ஆடி வெள்ளி. டேப்பை மாற்றிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். மனைவி படையல் முடியும்வரை விரதம். வழக்கம்போல் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வயிற்றுக்கு எதுவும் போடாமல் பாயசம் வைக்க நின்றிருக்கிறாள். மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்பதைச் சாமி காரியத்தில் மறந்துவிட்டாள். சர்க்கரை இறங்கி, அடுப்புக்கு முன்னாலேயே மயங்கி விழுந்துவிட்டாள்.

எஸ்டேட் ஆபீஸிலிருந்து தொழிற்சாலைக்குப் போன் வந்தது. நான் அடித்துப் பிடித்துக்கொண்டு சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்கு நினைவு திரும்பியிருந்தது. முதல் வீட்டு அக்காதான் பார்த்துக் கூச்சல் போட்டு ஆட்களைக் கூட்டியிருக்கிறார். எஸ்டேட் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் குளுகோஸ் ஊசி போட்டு, வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னார். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில் அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நேற்றைய அவசரத்தில் யாரும் பின்கதவைச் சாத்தவில்லை. விரியத் திறந்து கிடந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, திறந்து கிடந்த வீட்டிலிருந்து யாராவது ஏதாவது எடுத்துப் போயிருப்பார்களோ என்று பார்க்கத்தான் நான் அந்த டேப்பைச் சுற்றிப் போட்டேன்.

படத்தில் மணி பதினொன்று பன்னிரண்டுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து நிற்கிறார். வாய் அசைகிறது. கூப்பிடுகிறார் போலிருக்கிறது. கழுத்தை நீட்டி அடுப்படியைப் பார்க்கிறார், பிறகு கேமராவைப் பார்க்கிறார். போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறார். இந்தத் தடவை வேலியைத் தாண்டித் துணிக்கொடிவரை வந்துவிட்டார். அங்கேயே நின்று கூப்பிடுகிறார். மறுபடியும் கேமராவைப் பார்க்கிறார். திரும்பி நடக்கிறார்.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு வேகமாக வந்தார். அடுப்படிப் படிக்குப் பக்கத்தில் நின்றார். கேமராவை நேராக நிமிர்ந்து பார்த்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். முன்பக்கம் காட்டினார், திருப்பிப் பின்பக்கமும் காட்டினார். வேலைச் சட்டையின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துவிட்டார். காலிப் பைகள் தொங்கத் தொங்க உள்ளே ஓடினார்.

வெளியே வரும்போது அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடினார்.

பத்தொன்பது நிமிடம். அத்தனை நேரமும் என் மனைவி அடுப்படியில் கிடந்திருக்கிறாள், அவளுக்கு வேண்டிய உதவி வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறது. உள்ளே வரவிடாமல் நிறுத்தி வைத்தவன் நான்.

அக்கா வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "தங்கச்சி எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். பதில் சொல்லிவிட்டு, "ஏன்க்கா அப்படிக் கையக் காட்டுனீங்க?" என்றேன்.

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பாயசம் தீயற வாசன வேலிவரைக்கும் வந்துச்சு தம்பி. கூப்புட்டா சத்தமில்ல. ஆள் இல்லாத வூடோன்னு நெனச்சேன். உள்ள போயி, நாளைக்கு ஒரு சாமான் கொறஞ்சா என் பேச்ச யாரு கேப்பா? அந்தப் பொட்டி சொல்றதத்தானே கேப்பீங்க. தீயற வாசன கூடவும் மனசு கேக்கல, அதான் அதுக்கிட்டயே காட்டிட்டுப் போனேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். "விடுய்யா, ஆள் பொழச்சிருச்சுல்ல" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்கே ஏணி போட்டு ஏறிக் கேமராவைக் கழற்றினேன். மனைவி வீட்டுக்கு வந்ததும் அக்கா திரும்பவும் வர ஆரம்பித்தார். மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா என்ற விசாரணையும் திரும்பி வந்தது. ஆனால் முன்போல் நேராக உள்ளே வரவில்லை. படியில் நின்று, "தங்கச்சி, நான்தான்" என்று குரல் கொடுப்பார். என் மனைவி வெளியே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போகும்வரை அங்கேயே நிற்பார். நாங்கள் அந்த வீட்டை விட்டு வரும்வரை அப்படித்தான் இருந்தது. எவ்வளவோ சொல்லியும் அவர் மாறவில்லை.

என் மனைவியின் உயிரை மீட்டுக் கொடுத்தவரை எங்கள் வீட்டுப் படியிலேயே காத்து நிற்கும்படி செய்துவிட்டேனே என்ற வருத்தம், இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கொஞ்சம்கூடக் குறையவில்லை.