ஒற்றைக்கண்ணனும் முப்பத்தொரு மார்க்கும்

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம் விழுப்புரத்திலிருந்து லாரியில் வந்து திருவண்ணாமலையில் இறங்கினேன். பெங்களூர் போகிற லாரிதான். டயர் பஞ்சரானது. ஸ்டெப்னியும் பஞ்சர் என்றார்கள். அப்படியே தங்கிவிட்டேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்றப் பாடங்களை வேலூரில் இரண்டு, விழுப்புரத்தில் இரண்டு என்று போன ஊர்களிலெல்லாம் எழுதி முடித்திருந்தேன். இங்கிலீஷ் மட்டும் எந்த ஊரிலும் வரவில்லை.

தேரடிக்குப் பக்கத்தில், மிளகாய் அரைக்கிற மில்லுக்கு மேல் மாடியில், ஒரு டுடோரியல் இருந்தது. மாடியைப் பெருக்கி, பெஞ்சுகளைத் துடைத்தால் வகுப்பில் உட்காரலாம், அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்று சார் சொன்னார். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுப்பேன். புரண்டால் நடுவில் விழுவேன். சாப்பாடு பெரும்பாலும் மத்தியானம் ஒரு வேளை. கோயிலில் புளியோதரை கிடைத்தால் இரண்டு வேளை. சட்டை ஒன்றுதான் என்பதால் துவைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பனியனோடு படிப்பேன்.

இங்கிலீஷ் இரண்டாம் தாளுக்கு ஒரு கதைப் புத்தகம் பாடமாக வைத்திருந்தார்கள். கிரேக்கர்களின் பழைய காவியக் கதைகளைச் சுருக்கி எழுதியது. ஒரு ராஜா பத்து வருடம் சண்டை போடுகிறான், இன்னும் பத்து வருடம் கடலில் வழி தவறி அலைகிறான், அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வருகிறான். ராணி அதுவரை காத்திருக்கிறாள். சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. முதல் நாள் அந்தப் பெயர்களை எங்களைச் சொல்லச் சொன்னார். பதினெட்டுப் பேர் பதினெட்டு விதமாகச் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பேரெல்லாம் எழுதறதுக்கு மட்டும் வச்சுக்குங்கப்பா. வாயால சொல்ல வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து ராஜா, ராணி, ஒற்றைக்கண்ணன், மந்திரக்காரி என்று பாடம் ஓடியது. கீழே மில் ஓடுகிற நேரத்தில் சோகமான கட்டம் வந்தால் வகுப்பு முழுக்கக் கண்ணீர் விடும். மில் நின்றதும் யாருக்கும் வருத்தம் இருக்காது.

பக்கத்தில் உட்கார்ந்தவன்தான் எனக்கு அந்த ஊரில் முதல் சிநேகிதன். மலைக்கு மறுபக்கம் அடி அண்ணாமலையில் விவசாயம். இருபத்தாறு வயது. டுடோரியலில் கல்யாணமானவன் அவன் ஒருவன்தான். பெண்டாட்டியைத் திரும்பக் கூட்டி வருவதற்காகப் படித்தவனும் அவன் ஒருவன்தான்.

நடந்தது இதுதான். அவனுக்குப் பெண் பார்த்தபோது தரகர், மாப்பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று சொல்லிவிட்டார். இவன் இல்லை என்று சொல்லவில்லை. பெண் ஊருக்கு வடக்கே வேங்கிக்கால். அவள் நிஜமாகவே பாஸ். கல்யாணமாகி நாலு மாதம் கழித்து, எலி புகுந்த தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியபோது அவனுடைய மார்க் ஷீட் விழுந்தது. இங்கிலீஷ் பதினேழு.

"ஃபெயிலானது கூட பரவால்லங்க. நாலு மாசமா என் மூஞ்சியப் பாத்து பாஸுனு சொன்னீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "நெஜமாவே பாஸ் பண்ணிட்டு வந்து கூப்பிடுங்க."

அதனால் அவன் பாடத்தை எங்களைப் போலக் கேட்கவில்லை. வயலுக்கு மருந்து அடிக்கச் சொல்லிக் கொடுப்பவரைக் கேட்பது போல ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு கேட்டான்.

மரக்குதிரை வந்த அன்று ஒரு மணி நேரம் போனது. எதிரிகள் பெரிய மரக்குதிரை செய்து, உள்ளே வீரர்களை ஒளித்து வைத்து, கோட்டை வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் அதை உள்ளே இழுத்துப் போகிறார்கள். அவன் கையைத் தூக்கினான்.

"சார், முட்டு போட்டது யாரு சார்?"

அவன் வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லாரும் கார்த்திகைத் திருவிழாவில் பெரிய தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள். சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் வேலை.

"முட்டா?" என்றார் சார்.

"சக்கரம் வச்ச குதிரைனு நீங்கதான சார் சொன்னீங்க. முட்டு போடாம எப்படி சார் மூலை திரும்பும்? நேரா போய் எவன் வீட்டுலயாவது இடிச்சிருக்கும்."

வகுப்பே அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. எல்லாரும் தேர் இழுத்தவர்கள். வடம் எத்தனை, முன்னால் யார் கொடி காட்டியது, வாசல் அகலம் என்ன என்று கேள்விகள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "உள்ள அத்தன பேரு இருந்தானுங்களே, ஒருத்தன்கூடவா தும்மல?" என்றான். மிளகாய் மில்லுக்கு மேல் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அது நியாயமான கேள்வி.

"முட்டுக்கட்டை பத்தி பரீட்சையில கேக்க மாட்டாங்கப்பா" என்றார் சார். பாவம், அதை மூன்று தடவை சொன்னார்.

ஒற்றைக்கண்ணன் கதையில் நிலைமை இன்னும் மோசம். ராஜாவையும் ஆட்களையும் ஒற்றைக்கண் அரக்கன் குகையில் அடைத்து வைக்கிறான். அவன் கண்ணைக் குத்திவிட்டு, காலையில் மேய்ச்சலுக்குப் போகும் செம்மறி ஆடுகளின் வயிற்றுக்கு அடியில் தொங்கிக்கொண்டு தப்பிக்கிறார்கள். என் சிநேகிதன் அன்று சாயங்காலம் என்னைச் சைக்கிளில் ஏற்றி அடி அண்ணாமலைக்குக் கொண்டு போனான்.

"எங்க கிடாவ பாத்துட்டு சொல்லு மச்சான். ஊர்லயே பெரிய கிடா."

கிடா பெரியதுதான். நான் இளைத்தவன் என்பதால் நான்தான் தொங்க வேண்டும் என்று முடிவானது. கீழே படுத்து, இரண்டு பக்கமும் மயிரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். கிடா ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது. என் மேல்தான்.

மறுநாள் அவன் எழுந்து நின்றான். "சார், பொய் சார். கிடா உக்காந்துடுது."

சார் என் சட்டையைப் பார்த்தார். "நோட்ஸ்ல இருக்கறத எழுது. கிடா வந்து பேப்பர் திருத்தாது" என்றார்.

ஒன்று மட்டும் அவன் மனதில் நன்றாகத் தங்கியது. ராஜா போகிற இடமெல்லாம் பொய் சொல்கிறான். ஒற்றைக்கண்ணனிடம் பெயரை மாற்றிச் சொல்கிறான், சொந்த ஊருக்கே பிச்சைக்காரன் வேஷத்தில் வருகிறான். சார் அதை அவனுடைய சாமர்த்தியம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். "பாத்தியா மச்சான்," என்று என் தொடையைக் கிள்ளினான். "அவன் பொய் சொன்னா பாடமா வைக்கறாங்க. நான் சொன்னா பொட்டிய தூக்கினு போயிடறா."

கடைசிப் பாடம் நடந்த வாரம் அவனுக்கு நடவு. வரவில்லை. அந்தப் பாடத்தில்தான் ராஜாவும் ராணியும் சேர்கிறார்கள். வந்திருப்பது புருஷன்தானா என்று ராணிக்குச் சந்தேகம். கட்டிலைத் தூக்கி வெளியே போடச் சொல்லிச் சோதிக்கிறாள். அதன் கால் தரையில் வேர் விட்ட மரம், அதை நகர்த்தவே முடியாது என்று ராஜா கோபப்படுகிறான். அந்த ரகசியம் இருவருக்கு மட்டுமே தெரியும் என்பதால் நம்பிவிடுகிறாள். இதை அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்கிறேன் என்றும் சொன்னேன். பாடம் முடிந்ததிலிருந்து பரீட்சை வரை எனக்குக் காய்ச்சல். பெஞ்சுகளுக்கு நடுவில் விழுந்தவன் ஏறிப் படுக்கத் தெம்பில்லாமல் அங்கேயே கிடந்தேன்.

அக்டோபர் பரீட்சையில் அந்தக் கேள்விதான் வந்தது. வெளியே வந்ததும், "என்னடா எழுதின?" என்று கேட்டேன்.

"தெரியாத கேள்வியா மச்சான் அது? ராணி கதவ சாத்திக்கினா. ராஜா ராத்திரி புள்ள வூட்ல தங்கினான். காலையில தீவ வலம் வந்தான். அப்புறம் பெரியவங்க நடுவுல தூது போயி சேத்து வச்சாங்க. ரெண்டு பக்கம் எழுதிட்டேன்."

அது திருவண்ணாமலைத் திருவூடல். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை வந்து, அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி தன் மகனுடைய கோயிலில் தங்கிவிட்டு, மறுநாள் மலையைச் சுற்றி வந்த பிறகுதான் சமாதானம். வருஷா வருஷம் தெருவில் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவன், கோபித்துக்கொண்ட பெண்டாட்டி வேறு எதுவும் செய்வாள் என்று நினைக்கவே இல்லை.

"அந்தத் தீவுல மலை இருக்குதாடா?" என்றேன்.

"மலை இல்லாம எப்படிடா ஊரு?"

டிசம்பரில் மார்க் ஷீட் தபாலில் வந்தது. எனக்கு முப்பத்தைந்து, அதாவது ஒட்டிக்கொண்டு பாஸ். அவனுக்கு முப்பத்தொன்று. அன்று மில் ஓடவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. பொங்கல் கழிந்து காணும் பொங்கல் காலையில், வேட்டி சட்டையோடு வந்து நின்றான்.

"உன் மார்க் ஷீட்ட குடு. வேங்கிக்கால் போறோம்."

"அதுல என் பேரு இருக்குதே?"

"ராஜா செஞ்ச மாதிரிதான். பேர மறச்சுக்கணும், அவ்ளோதான்."

தப்பு என்று எனக்குத் தெரிந்தது. கிடா உட்கார்ந்தபோதும் தெரிந்தது. இருந்தாலும் போனேன்.

மாமியார் வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்று, "வாங்க மாப்ள" என்றார். அவன் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டான். அவள் வந்து கதவருகில் நின்றாள். நான் அன்றுதான் அவளைப் பார்த்தேன். சாருக்கே இல்லாத வாத்தியார் பார்வை.

அவன் மார்க் ஷீட்டை நீட்டினான். என் பெயர் இருக்கும் இடத்தில் அவனுடைய கட்டைவிரல்.

"குடுங்க."

"இப்படியே பாரு. முப்பத்தஞ்சு. பாஸ்."

"கட்டவிரல எடுங்க."

"சேத்துல வேலை செஞ்ச கை. ஒட்டிக்கிச்சு."

அவள் சிரிக்கவில்லை. "சரி. நானும் அந்த புக்குதான் படிச்சேன். கடைசியில ராணி ராஜாவ எப்படி நம்புனா? சொல்லுங்க."

அவன் தைரியமாக ஆரம்பித்தான். கதவு சாத்தியது, மகன் வீட்டில் தங்கியது, தீவை வலம் வந்தது, தூது எல்லாம் சொன்னான். தூது போன பெரியவருக்கு வெற்றிலை பாக்கு வைத்ததுகூடச் சொன்னான்.

"கட்டில் எங்க?" என்றாள்.

"எந்தக் கட்டில்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

கட்டைவிரல் மெதுவாக நகர்ந்தது. "இது அவனோடது" என்றான். "என்னோடது முப்பத்தொண்ணு." சட்டைப் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"ரெண்டையும் எதுக்கு எடுத்தாந்தீங்க?"

"அது பொய் சொல்றதுக்கு. இது, நீ கேட்டா குடுக்கறதுக்கு."

அவள் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். உள்ளே போயிருந்த மாமியார் அங்கிருந்தே, "எவ்ளோ கம்மியாம்?" என்றார்.

"நாலு, மா. போன தடவ பதினேழுதான். பதினாலு ஜாஸ்தி வாங்கிக்கிறாரு."

"நாலுக்காடி இத்தினி நாளா என் சோத்த துன்னுக்கினு உக்காந்திருக்க?"

"நாலுக்கு இல்லமா" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "இனிமே என் கிட்ட மறைச்சா, தீவு இல்ல, ஒலகத்தையே சுத்தி வந்தாலும் கதவு தெறக்காது. மார்ச்சுக்கு நானே சொல்லித் தரேன்" என்றாள். பெட்டியை எடுக்க உள்ளே போனாள்.

வடக்குப் பக்கமாகப் போனால் அடி அண்ணாமலை கிட்டத்தில்தான். மாமியார் தடுத்தார். "மலைய எடமா சுத்திக்கினா என் பொண்ணு புருஷன் வூட்டுக்குப் போவணும்? இன்னிக்கு சாமியே வலமா போய்க்கினு இருக்காரு. எதுத்தாப்புல போய் நிப்பீங்களா?"

அதனால் ஊருக்குள் இறங்கி, தெற்கே திரும்பி, மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு போனோம். இரண்டு மடங்கு தூரம். அவன் சைக்கிளை மிதித்தான், அவள் பின்னால் உட்கார்ந்தாள், பெட்டி என் தலையில். பெட்டியில் அவளுடைய பழைய நோட்டுகள் எல்லாம் இருந்தன போலிருக்கிறது. கழுத்து இறங்கிவிட்டது. எனக்காக அவர்கள் அங்கங்கே நின்றார்கள். நின்ற இடமெல்லாம் அவள் அவனுக்கு ஸ்பெல்லிங் கேட்டாள். ராணிக்கு என்ன ஸ்பெல்லிங் என்று கேட்டபோது அவன் தப்பாகச் சொன்னான். ரோட்டில் போன பக்தர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வெட்கப்படவே இல்லை, இன்னொரு தடவை சத்தமாகத் தப்பாகச் சொன்னான்.

மார்ச்சில் அவன் நாற்பத்திரண்டு வாங்கினான் என்று பிறகு ஆரணியில் ஒருவர் சொல்லித் தெரிந்தது. நான் அதற்குள் கிளம்பியிருந்தேன்.

அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் தாண்டிவிட்டது. அவன் அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள். சைக்கிளில் இருவர், பக்கத்தில் பெட்டியோடு நான். பெட்டியை இறக்கினால் மறுபடி தூக்க முடியாது என்று அப்படியே நின்றுகொண்டிருந்தேன். "நவுருடா" என்று அவன் சொன்னான். "பொட்டி தூக்கினவனும் வூட்டு மனுசன்தான், நில்லுடா" என்று அவன் அம்மா சொல்லி, என்னையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினாள்.